தேர் திரும்பும் முக்கில் ஒரு பால்கனி

திருநெல்வேலி டவுனில் நெல்லையப்பர் கோயிலைச் சுற்றி நான்கு ரதவீதிகள். நான்கிலும் வியாபாரம் உண்டு என்றாலும் வடக்கு ரதவீதியில் கடை என்றால் அதற்கு ஒரு தனி மதிப்பு. என் கல்யாணப் பேச்சில் மாப்பிள்ளை எத்தனாவது வரை படித்திருக்கிறார் என்று பெண் வீட்டார் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எட்டாவது என்று சொல்வதற்கு முன்னால் எங்கள் அப்பா கொஞ்சம் இருமியிருப்பார். அவர்கள் கேட்டது, "கடை எந்த ரதவீதியில?" என்றுதான். வடக்கு என்றதும் அந்தப் பேச்சு முடிந்து, பந்திக்கு என்ன பாயசம் என்ற பேச்சு ஆரம்பமாகிவிட்டது.

எங்களுடையது பாத்திரக்கடை. கீழே கடை, மேலே வீடு. மேல ரதவீதியிலிருந்து தேர் திரும்பி வடக்கு ரதவீதிக்குள் நுழைகிற முக்கிலிருந்து மூன்றாவது கட்டடம், கோயிலைப் பார்த்த வரிசையில். காலையில் கடை திறந்து, கோபுரம் இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் தராசைத் தொடுவேன். அப்பாவும் அப்படித்தான்.

அப்பா கடை போட்ட காலத்தில் தெருவில் பாதிக்கு மேல் வீடுகள்தானாம். கிழக்குக் கோடியில் ஜட்கா வண்டிகள் நிற்கும். குதிரைச் சாணமும், அல்வாவுக்குக் கோதுமைப்பால் காய்கிற வாசனையும் கலந்து வரும், அதுதான் தெருவின் வாசனை என்பார். பிறகு ஒவ்வொரு வீடாக முன்னறை கடையானது. நடு அறை சரக்கு வைக்கிற இடமானது. வீட்டுக்காரர்கள் மாடிக்கு ஏறினார்கள். அப்புறம் மாடியையும் கடை கேட்டது. அவர்கள் பாளையங்கோட்டைப் பக்கம் மனை வாங்கிக்கொண்டு போனார்கள். தொண்ணூறுகளில் எங்கள் வரிசையில் மாடியில் குடியிருந்தது எங்களோடு சேர்த்து மூன்று குடும்பம்.

எங்கள் கடைக்குள்ளேயே தெருவின் கதை இருந்தது. முதலில் பித்தளையும் வெண்கலமும் வாசலில் இருந்தன. எவர்சில்வர் வந்து அவற்றைப் பின்னால் தள்ளியது. பிறகு பிளாஸ்டிக் குடமும் கிரைண்டரும் வந்து எவர்சில்வரைப் பின்னால் தள்ளின. ஆனாலும் கல்யாணச் சீருக்கு என்று திசையன்விளையிலிருந்தும் சாத்தான்குளத்திலிருந்தும் பஸ் பிடித்துக் குடும்பமாக வருகிறவர்கள், முதலில் ஒரு பித்தளைக் குடத்தை எடுத்துச் சுண்டிப் பார்த்துவிட்டுத்தான் மற்றதைக் கேட்பார்கள். ஜவுளி, நகை, பாத்திரம், கடைசியில் ஆளுக்கு நூறு கிராம் அல்வா, அதுதான் அவர்கள் வரிசை. பாத்திரத்தில் கல்யாணப் பெண்ணின் பேரை வெட்டுகிற மெஷின் 'கிர்ர்' என்று ஓடும்போது எனக்கு மனது நிறைந்துவிடும். ஒரு பெண் புதுசாக உலை வைக்கப் போகிறாள் என்று தெருவுக்கே தெரிகிற சத்தம் அது.

இந்தத் தெருவுக்கு ஒரு பழக்கம் உண்டு. வெளியூர்க்காரர்கள் கவனிக்க மாட்டார்கள். சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற எதையும் இங்கே சிமெண்ட் வைத்துக் கட்ட மாட்டார்கள். வெயிலுக்குப் போடுகிற தகரச் சாய்ப்பு கொக்கியில் தொங்கும். பெயர்ப் பலகை கம்பியில் தொங்கும். படிக்கல்கூடப் புரட்டிப் போடுகிற மாதிரிதான் இருக்கும். ஆனி மாதம் தேர் வரும். வருகிறவருக்கு வழி விட வேண்டும். அதனால் எவ்வளவு பெரிய ஜவுளிக்கடையாக இருந்தாலும் அதன் முகப்பு முழுவதும் கழற்றி மாட்டுகிற சரக்குதான்.

போர்டுகள் வருஷத்துக்கு வருஷம் பெரிதாகிக்கொண்டே வந்தன. அப்பா காலத்தில் ஒரு முழ மரப்பலகை. என் காலத்தில் பத்தடித் தகரம், அதற்குள் டியூப் லைட். அது எங்கள் மாடிச் சன்னலை முழுசாக மறைத்துக்கொண்டு நின்றது. தேரோட்டத்துக்கு முந்தின நாள் எல்லாக் கடையிலும் ஏணி சாத்தி அவற்றை இறக்குவார்கள். குறுக்கே போகிற கரண்ட் கம்பியை அவிழ்ப்பார்கள். அப்போது புதிதாக வந்திருந்த கேபிள் டிவி கம்பியையும் சுருட்டுவார்கள். அன்றைக்குத்தான் தெருவின் உண்மையான முகம் தெரியும். சுண்ணாம்புச் சுவர், மரச்சட்டச் சன்னல், ஒரு கட்டடத்தின் நெற்றியில் சுதையில் செய்த கஜலட்சுமி. ஒரு வாட்ச் கடை போர்டுக்குப் பின்னால் 'நாட்டு மருந்து' என்று நீல எழுத்து. அங்கங்கே புறாக்கூடு. தெரு குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு வந்து நிற்கிற மாதிரி இருக்கும்.

என் மனைவி இந்தத் தெருவுக்கு வாழ வந்த வருஷத்திலிருந்து தேருக்கு வடம் பிடித்தவள். ஆனித் தேர் என்றால் ஐந்து தேர். அதில் சாமி தேருக்கும் அம்மன் தேருக்கும் விடாமல் போய் நிற்பாள். ஒரு வருஷம் அவள் கை தோல் உரிந்து வந்ததைப் பார்த்து, "ஒனக்கு எதுக்குளா இது? மாடியில நின்னு பாரேன்" என்றேன்.

"சன்னலைத்தான் நம்ம போர்டு மறைச்சிருக்கே" என்றாள்.

"தேருக்குத்தான் போர்டைக் கழட்டுதோமே."

"நீங்க நின்னு பாருங்க. நான் இழுத்துட்டு வாரேன், நீங்க பாக்கணும்னா இழுக்க ஆளு வேண்டாமா?"

அப்படிப்பட்டவளுக்குத் தொண்ணூறுகளின் நடுவில் ஒரு தை மாதம் காலையில், இட்லித் தட்டைத் தூக்கும்போது இடது கை விழுந்துவிட்டது. கூடவே இடது காலும். ஆஸ்பத்திரியில் உயிருக்கு ஒன்றும் இல்லை என்றார்கள். சாத்தான்குளத்தில் கட்டிக்கொடுத்த எங்கள் மகள், எண்ணெய்ச் சிகிச்சைக்கு அங்கே நல்ல வைத்தியர் இருக்கிறார் என்று கூட்டிக்கொண்டு போனாள். மனைவி மூன்று மாதம் அங்கேயே இருந்தாள்.

மகள் ஒருநாள் போனில் சொன்னாள். "அம்மை எதுக்கும் அழல அப்பா. நேத்து மட்டும் ஆனி எப்பப் பொறக்குன்னு காலண்டரப் பாக்கச் சொல்லி அழுதா. தேர ஒரு தடவ கண்ணால பாத்துட்டாப் போதும்னு சொல்லுதா."

நான் போனை வைத்துவிட்டு மாடிக்குப் போய்ப் பார்த்தேன். எங்கள் மாடிப்படி ஏணி மாதிரி. மேலே ஏற்றிவிட்டால் திரும்பத் திரும்ப இறக்கி ஏற்றக் கூடாது, குலுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இறக்கினாலும் தேர்க் கூட்டத்தில் அவளை எங்கே உட்கார வைப்பது? மாடிச் சன்னலோ நெஞ்சு உயரத்தில் ஆரம்பிக்கும். நின்றால்தான் தெரு தெரியும். அவளால் நிற்க முடியாது. சுவரில் ஒரு வாசல் வெட்டி, வெளியே இரண்டரை அடிக்கு ஒரு பால்கனி போட்டு, அதில் நாற்காலி வைத்தால் என்ன என்று தோன்றியது. நெல்லையப்பரே சொன்ன மாதிரி இருந்தது. அவள் வருவதற்குள் முடித்து, வந்ததும் காட்ட வேண்டும் என்று யாரிடமும் சொல்லவில்லை.

பாளையங்கோட்டையிலிருந்து எங்களுக்குப் பழக்கமான கொத்தனாரை வரவழைத்தேன். வேதக்காரர், சர்ச்சுக்குப் போகிறவர். கலவை போடும்போது மெதுவாகக் கோயில் பாட்டு முனகுவார். இடத்தைப் பார்த்துவிட்டு அவர் உடனே கரண்டியை எடுக்கவில்லை.

"அண்ணாச்சி, இங்கன கான்கிரீட்டா? இந்தத் தெருவுல யாரும் போடலியே. மரத்துல அடிச்சுத் தாரேன். வேணும்னா மாட்டுங்க, வேண்டாட்டா கழட்டுங்க."

"அவ உக்காரணும் வே. மரம்னா ஆடும். பயந்துருவா."

"தேரு இடிக்காதுல்லா?"

"அளந்துட்டேன்."

"அப்பச் சரி. எங்க கோயில்ல தேரும் கிடையாது, திருப்பமும் கிடையாது. பெஞ்சுதான். போட்ட எடத்துல கெடக்கும்."

நான் அளந்தது உண்மை. ஒரு சணல் கயிற்றை எடுத்துக்கொண்டு கீழ ரதவீதியில் தேர் நிற்கிற இடத்துக்குப் போனேன். மூன்று முறை சுற்றி வந்து கும்பிட்டேன். தகரம் போட்டு மூடியிருந்த தேரின் சக்கரத்துக்குச் சக்கரம் கயிறு பிடித்து முடிச்சுப் போட்டேன். அந்தக் கயிற்றைக் கொண்டுவந்து எங்கள் கடை வாசலில், தெருவின் நடுமத்தியில் வைத்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் தாராளமாக இடம் இருந்தது. பால்கனிக்குக் கீழே சாமி நடந்து போனால்கூடக் குடை பிடித்துக்கொண்டு போகலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பங்குனியில் வேலை முடிந்தது. பூசி, வெள்ளையடித்து, ஓரத்தில் காவிப்பட்டை போட்டோம். எங்கள் கடை போர்டு புது மாடி வாசலுக்குக் கீழே இறங்கி, பாதியாகச் சின்னதாகிவிட்டது. அதில் எனக்கு வருத்தம் இல்லை.

சித்திரை பிறந்து ஒரு வாரத்தில் மகள் அவளைக் காரில் கூட்டிவந்தாள். கதவைத் திறந்ததும் அவள் முதலில் கோயில் பக்கம் பார்த்து வலது கையை மட்டும் நெஞ்சில் வைத்துக் கும்பிட்டாள். அப்புறம் நிமிர்ந்து மாடியைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். முக்கைத் திரும்பிப் பார்த்தாள். மறுபடியும் மாடியைப் பார்த்தாள்.

"எனக்கா கெட்டினீக?" என்றாள்.

"பின்ன யாருக்கு?"

"நல்லாருக்கு" என்றாள்.

அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தில் அந்தப் பார்வையை நான் எண்ணிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு சாயங்காலம் ஆனால் அவளை நாற்காலியில் உட்கார வைத்துப் பைய நகர்த்திப் பால்கனியில் விடுவேன். முப்பது வருஷம் அந்தத் தெருவில் இருந்தவள் தெருவைப் பார்த்ததே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அடுப்படி, கடைக்குப் பின்கட்டு, கோயில், இவ்வளவுதான் அவள் வழி. இப்போது மேலேயிருந்து எல்லாக் கடையையும் அவளே மேற்பார்வை பார்த்தாள். எதிர் வரிசையில் எந்த டெலிபோன் பூத்தில் கூட்டம், எந்த அல்வாக் கடையில் சூடாக இறங்கியிருக்கிறது, எல்லாம் எனக்கு முன்னால் அவளுக்குத் தெரியும். நேர் எதிர்க் கட்டடம் ஜவுளிக்கடை. அந்த அண்ணாச்சி புதிதாகக் கண்ணாடிக்குள் பொம்மைகளை நிறுத்திச் சேலை கட்டிவிட்டிருந்தார். எங்கள் வாசலுக்கு வந்து நின்று மேலே பார்த்துப் பேசுவார்.

"மைனி, நீங்க மேல வந்து உக்காந்ததுல இருந்து எனக்கு ஒரே பயமா இருக்கு."

"ஏன் அண்ணாச்சி?"

"நேத்து வந்த புள்ளைகட்ட பொம்மைக்குக் கொசுவம் வலப்பக்கமா வச்சிருக்குன்னு சொன்னீகளாமே. அவ்வளவு பேரும் கண்ணாடி முன்ன நின்னு சிரிச்சிட்டுப் போறாளுக."

"பொம்மைதான, அதுக்குத் தெரியாது. கெட்டிவிட்ட உங்களுக்குத் தெரியாண்டாமா? உங்க வீட்டுக்காரிக்கு நீங்கதான் சேலை எடுத்துக் குடுக்கீக, பாவம்."

அவர் சிரித்துக்கொண்டே போய்ப் பொம்மையின் சேலையை அவிழ்த்துக் கட்டினார். நோய் வந்த பிறகு அவள் அப்படி வாயாடியது அந்தப் பால்கனியில்தான். போட்ட சிமெண்ட் எல்லாம் எனக்குப் பாலாகத் தெரிந்தது.

ஆனி பிறந்தது. தேருக்கு இரண்டு வாரம் இருக்கும்போது வழி பார்க்கிறவர்கள் வந்தார்கள். வருஷா வருஷம் வருவதுதான். ஒரு நீள மூங்கிலை இரண்டு பேர் குறுக்காகப் பிடித்துக்கொண்டு வருவார்கள். அலங்காரத்தோடு தேர் எவ்வளவு அகலமோ அவ்வளவு நீளம் அந்த மூங்கில். அது முட்டுகிற இடத்தில் கடைக்காரர்களிடம் சொல்லிவிட்டுப் போவார்கள். கூடவே, சக்கரத்துக்குக் கட்டை போட்டுத் தேரைத் திருப்புகிற பெரியவர் வந்தார். அவர் அப்பாவும் அதே வேலை பார்த்தவர். எவ்வளவு பேர் இழுத்தாலும் தேர் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பது அவர் போடுகிற மரக்கட்டையில்தான் இருக்கிறது.

முக்கில் அவர்கள் நேராக வரவில்லை. பெரியவர் ஒரு பிடி சுண்ணாம்புப் பொடியைத் தரையில் விட்டுக்கொண்டே நடந்தார். அந்த வெள்ளைக் கோடு மேல ரதவீதியிலிருந்து தெருவின் நடுவைத் தாண்டி, எங்கள் வரிசைப் பக்கம் நன்றாகச் சாய்ந்து வந்து, எங்கள் கடையைக் கடந்த பிறகுதான் நடுவுக்குப் போனது. மூங்கிலைத் தூக்கிப் பிடித்தார்கள். அது பால்கனிக்குள் ஒரு சாணும் நாலு விரலும் போய் நின்றது.

பெரியவர் அண்ணாந்து பார்த்தார். "அண்ணாச்சி, இது எப்ப வந்தது?"

"பங்குனியில."

"தேரு அதுக்கு முந்தியே வந்துட்டுல்லா?"

"நான் அளந்துதான் கெட்டினேன். நடுத்தெருவுல போனா முட்டாது."

"நடுத்தெருவுல போகும். முக்குல? அது என்ன சைக்கிளா, ஹேண்டில ஒடிச்சுத் திருப்பதுக்கு? வெளிய வந்துதான உள்ள திரும்பணும். எத அளந்தீக?"

"சக்கரத்த."

அவர் சிரிக்கவில்லை. கூட வந்தவர்கள் சிரித்தார்கள். தேருக்குச் சக்கரம் மட்டுமா அகலம்? திருவிழாவுக்கு மேலே மூங்கில் கட்டித் துணி போர்த்தி, சுற்றிலும் ஆள் உயரத்துக்குத் தொம்பைகளைத் தொங்கவிடுவார்களே, சீலையில் தைத்த உருண்டைத் தூண்கள். அவை சக்கரத்துக்கு வெளியேதானே ஆடிக்கொண்டு வரும். பிறந்ததிலிருந்து பார்க்கிற தேர். ஆனாலும் வெறும் தேரை அளந்துவிட்டு வந்திருக்கிறேன். தலை குனிந்து நின்றேன். மேலே அவள் நாற்காலியில் இருந்தாள். எல்லாம் கேட்டிருக்கும்.

ஜவுளிக்கடை அண்ணாச்சி என்னைத் தனியே கூப்பிட்டார். "ஒரு சாண்தான அண்ணாச்சி. எல்லாத்துக்கும் வழி இருக்கு. பெரியவரப் பாத்துப் பேசுங்க. கட்டையக் கொஞ்சம் முன்னகூட்டிப் போட்டா, தேரு கோயில் பக்கமா ஒதுங்கிப் போயிரும். சொகமில்லாத மைனிக்காகக் கேட்டா மாட்டேன்னா சொல்லுவாரு?"

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. யாருக்காகக் கேட்கிறேன்? சாமியின் வடத்தைப் பிடித்த கைக்காகத்தானே. மறுநாள் காலையில் குளித்துவிட்டு நேராகத் தேர் நிற்கிற இடத்துக்குப் போனேன். பெரியவர் புதுக் கட்டைகளைச் செதுக்கி வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார். நான் சொன்னதை முழுசாகக் கேட்டார்.

"ஒதுக்கலாம்" என்றார். "கோயில் பக்கம் சாக்கடைக்கு மூடி போட்டிருக்காக. சக்கரம் அதுல ஏறினா உள்ள போனாலும் போகும், போகாட்டாலும் போகாது. போனா ரெண்டு மூணு நாளு சாமி அங்கனயே நிக்கணும். ஆனாலும் மதினி வடம் பிடிச்ச பிடி எனக்குத் தெரியும். அவுகளுக்காகச் செய்யுதேன்."

எனக்கு மூச்சு வந்தது.

"ஒண்ணு மட்டும்" என்றார். "நானா நெனச்சுப் போட்டதா இருக்கக் கூடாது. இந்தா தேரு நிக்கி. கும்பிட்டுட்டு, 'சாமி, நீரு கொஞ்சம் ஒதுங்கிப் போரும்'னு உங்க வாயால சொல்லிட்டுப் போங்க. நான் போட்டுருதேன்."

அவர் கேலியாகச் சொல்லவில்லை. நான் தேருக்கு முன்னால் போய் நின்றேன். கை கூப்பினேன். சிவசிவா என்று வந்தது. அதற்கு மேல் வாய் வரவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தபோது அவள் உள்ளே கட்டிலில் இருந்தாள். பால்கனிக்குக் கொண்டுவிடச் சொல்லவில்லை.

"பெரியவர்ட்டப் போனீகளா?" என்றாள்.

"போனேன். ஒதுக்குதேன்னாரு. சாமிட்ட என்னையச் சொல்லச் சொன்னாரு. வாய் வரல."

"வராது" என்றாள். "கார விட்டு எறங்கையிலேயே எனக்குத் தெரியும், இது முட்டும்னு" என்றாள்.

"எப்படி?" என்றேன்.

"முப்பது வருசம் அந்த முக்குல வடம் திரும்பி வந்திருக்கேன்லா. நம்ம வாசல் சொவத்தோட ஒட்டித்தான நாங்க வருவோம். எங்க பின்னாலதான தேரு. என்ட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."

"ஒனக்குத் தெரியாமச் செய்யணும்னு நெனச்சேன்."

"அதான் வெனையாப் போச்சு."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

அவள் சேலை முந்தானையை வலது கையால் இழுத்துச் சரிசெய்துகொண்டாள். "ஆசையாக் கெட்டியிருக்கீக. எனக்கும் உக்காரணும்னு இருந்தது. ரெண்டு மாசமாவது உக்காந்துக்கிடுவோமேன்னுதான். நெல்லையப்பர்ட்டச் சொல்லிட்டுத்தான் உக்காந்தேன்."

"என்னன்னு?"

"நீரு வாரதுக்கு முந்தி எந்திரிச்சிருவேன்னு."

அன்றைக்கே கொத்தனாருக்கு ஆள் அனுப்பினேன்.

அவர் வந்து பார்த்து, தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். சுத்தியலை எடுத்து முதல் அடி அடிக்கும் முன், "தோத்திரம்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். ஒரு நாளில் முடியும் என்றவருக்கு இரண்டு நாள் ஆனது.

"என்ன வே, இவ்வளவு நேரம்?" என்றேன்.

"மைனி உக்காருதாகன்னு சொன்னீகளா, கம்பிய நெருக்கிப் போட்டுட்டேன் அண்ணாச்சி. ஒரு யானைய நிறுத்தலாம். என் வேலைய நானே வைய வேண்டியிருக்கு."

உள்ளேயிருந்து அவள், "நல்லாக் கெட்டினா நல்லாத்தான் இடிக்கணும்" என்று குரல் கொடுத்தாள். கொத்தனார் அன்றைக்கு முதல் முறையாகச் சிரித்தார்.

வாசலைச் செங்கல் வைத்து அடைத்துவிடலாம் என்றேன். அவள் வேண்டாம் என்றுவிட்டாள். அதனால் வெளியே ஒன்றும் இல்லாத மாடிச் சுவரில் ஒரு வாசல் மட்டும் நின்றது. விழுந்துவிடாமல் இருக்க அதன் குறுக்கே இரண்டு இரும்புக் குழாயைக் கொத்தனார் பதித்துக் கொடுத்தார். தெருவில் போகிறவர்கள் அண்ணாந்து பார்த்து, அந்த வீட்டுக்காரர் எந்த வழியாகப் போய் வருகிறார் என்று கேட்டுச் சிரித்தார்கள். ஜவுளிக்கடை அண்ணாச்சி, "அது சாமி வாரதுக்கு வச்ச வாசல்" என்று அவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். என் காதுபடத்தான் சொன்னார். எனக்கு என்னவோ அது கேலியாகப் படவில்லை.

ஆனால் எனக்குள் ஒரு கவலை இருந்தது. வாசலுக்கு உள்ளே உட்கார்ந்தால் எவ்வளவு தெரியும்? சுவர் தடித்த பழைய சுவர். எட்டிப் பார்க்க அவளால் முடியாது. நேரே எதிரில் வருவதுதான் தெரியும். தேர் ஒரு நொடியில் கடந்து போய்விட்டால் அவள் என்னத்தைக் கண்டாள்?

தேர் புறப்பட்ட அன்று முக்குக்கு வந்து சேரவில்லை. மறுநாள் காலை பத்து மணிக்கு மேல்தான் மேல ரதவீதிக் கோடியில் வெடிச் சத்தம் கேட்டது. கரண்ட் இல்லை, போர்டுகள் இல்லை, தெரு முழுக்க மோர்ப் பானையும் பானக்கப் பானையுமாக இருந்தது. அவளுக்குப் புதுச் சேலை கட்டி, தலைக்குப் பூ வைத்து வாசலுக்கு உள்ளே நாற்காலியைப் போட்டு உட்கார வைத்தேன். முழங்கால் குழாயில் இடிக்கிற அளவுக்கு முன்னால் தள்ளி வைத்தேன். நான் வடம் பிடிக்கப் போகவில்லை. பக்கத்தில் நின்றுகொண்டேன்.

முதலில் வடம் வந்தது. ஆள் ஆளாக முக்கைச் சுற்றி வந்து எங்கள் சுவரோடு நெருக்கியடித்துக்கொண்டு போனார்கள். அவளோடு வருஷா வருஷம் நிற்கிற பெண்கள் அண்ணாந்து, "ஏ அக்கா, ஒன் எடத்துல நான் நிக்கேன்" என்று கத்தினார்கள். "நின்னாப் போதுமா, இழு" என்றாள் இவள்.

வடம் இறுகியது. மர அச்சு முனகுகிற சத்தம் கேட்டது. எதிர் வரிசைக் கட்டடத்துக்கு மேலே முதலில் கலசம் தெரிந்தது. அப்புறம் சிவப்பும் வெள்ளையும் மஞ்சளுமாகச் சீலை. தேர் முகம் திரும்பியது. தெருவின் நடுவைத் தாண்டி எங்கள் வரிசையைப் பார்த்து, எங்கள் வீட்டுக்குள் வரப் போகிற மாதிரி வந்தது. சாய்ந்து வந்ததால் அவளுக்கு நேர் எதிரில்தான் வந்தது. எட்டிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. மரத்தில் செதுக்கிய யாளிகள் ஒவ்வொன்றாகப் பெரிதாயின. அவற்றின் பல்லில் எண்ணெய் மின்னியது. மேலே திரைக்கு உள்ளே தீபம் தெரிந்தது, மாலை தெரிந்தது.

அவள் என் கையைப் பிடிக்கவில்லை. குழாயைப் பிடித்திருந்தாள்.

"இவ்வளவு வருசம் இழுத்திருக்கேன்" என்றாள். "வடம் பிடிச்சா முன்னாலதான பாக்கணும். வாரத இன்னைக்குத்தான் பாக்கேன்."

கீழே பெரியவர் கட்டையைப் போட்டார். தேர் அப்படியே குலுங்கி நின்றது. நின்ற வேகத்தில் பக்கத்தில் தொங்கிய தொம்பை ஆடி, குழாய்க்கு மேலே வாசலுக்குள் வந்து அவள் தோளில் உரசிவிட்டுப் போனது. மறுபடியும் வந்தது. அவள் வலது கையால் அதைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு விட்டாள். பால்கனி இருந்திருந்தால் அந்த இடத்தில் என்ன ஆகியிருக்கும் என்று நான் நினைத்துப் பார்த்தேன். அவள் அதை எல்லாம் நினைத்த மாதிரித் தெரியவில்லை. முகம் அவ்வளவு தெளிவாக இருந்தது.

திருப்பிவிட இருபது நிமிஷம் ஆனது. அதுவரை சாமி எங்கள் வாசலில்தான் இருந்தார். பிறகு பைய நடுத்தெருவுக்கு இறங்கிப் போனார்.

அவருக்குப் பின்னால் அம்மன் தேர் வடம் முக்கு திரும்பியது. "நீங்க கீழ போங்க" என்றாள். "என் கைக்கும் சேத்துப் பிடிச்சிட்டு வாங்க."

"பொம்பளைக நிக்க வடத்துலயா?"

"ஓரமா நின்னு பிடிங்க. என் பேரச் சொன்னா எடம் விடுவாளுக."

போனேன். அவள் பேரைச் சொன்னேன். சிரித்துக்கொண்டே இடம் விட்டார்கள். வடம் ஈரமாக, முரடாக இருந்தது. இழுக்கும்போது முன்னால்தான் பார்க்க வேண்டும் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் எங்கள் கடையைக் கடக்கும்போது நான் திரும்பி அண்ணாந்து பார்த்தேன். அவள் அந்த வாசலில் உட்கார்ந்து, முன்னால பாருங்க என்று கையைக் காட்டிக்கொண்டிருந்தாள்.